ஊரை விட்டுப் போன பத்திரிகை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கோபால்ட் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய மளிகைக் கடைக் கட்டடம். அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு மரக் கோபுரம் மேலே எழுந்து நிற்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள், கடைக்காரர் ஆட்களை இழுக்கச் செய்த வேலை என்றுதான் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. கோபுரம்தான் முதலில் வந்தது. கடை பிறகு வந்தது. கோபுரத்துக்கு நேர் கீழே வெள்ளிச் சுரங்கத்தின் குழி இருக்கிறது. சுரங்கம் ஓய்ந்த பிறகு அதைச் சுற்றியே கடையைக் கட்டிக்கொண்ட மளிகைக்காரர், குழியிலிருந்து வரும் குளிர்ச்சியில் இறைச்சியும் காய்கறியும் வாடாமல் வைத்திருந்து வியாபாரம் செய்தார். கரண்ட் பில் இல்லாத ஃப்ரிட்ஜ்!

அந்தச் சுரங்கத்தின் பெயர் கோனியகாஸ். ஏதோ கிரேக்கத் தெய்வத்தின் பெயர் போலத் தோன்றும். கோபால்ட், நிக்கல், வெள்ளி, ஆர்சனிக் ஆகிய நாலு தனிமங்களின் வேதிக் குறியீடுகளை வரிசையாக எழுதி, அதையே ஒரு வார்த்தையாகப் படித்தால் வருவதுதான் அது. பூமிக்கு அடியில் என்ன கிடைக்கிறதோ அதையே போர்டாக எழுதி மாட்டிவிட்டார்கள். கோபால்ட்டில் எல்லாமே இப்படித்தான். தெருவின் பெயர் சில்வர் ஸ்ட்ரீட். ஹாக்கி அணியின் பெயர் சில்வர் கிங்ஸ். ஊரின் நாளேட்டுக்கு 'நகெட்' என்று பெயர், அதாவது உலோகக் கட்டி.

அந்த சில்வர் ஸ்ட்ரீட்டில்தான் ஊரின் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பாறையோடு பின்னிக் கிடக்கும் வெள்ளித் தகடுகளையும், இலை விரித்தாற்போல் படர்ந்த வெள்ளி நரம்புகளையும் பார்க்க வருகிறவர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும் சற்று நின்று கட்டடத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்தக் கட்டடம் சுரங்கத்துக்காகக் கட்டியதல்ல. இது ஒரு பத்திரிகை அலுவலகம். 'நார்தர்ன் மைனர்' என்ற சுரங்கத் தொழில் வார இதழின் சொந்த வீடு. 1915இல் இந்த ஊரில் பிறந்த அந்தப் பத்திரிகை, 1929இல் பெட்டி படுக்கையோடு டொராண்டோவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. ஊர் இங்கேயே நின்றுவிட்டது.

ஒரு நரியும் ஒரு சுத்தியலும்

தமிழர்கள் பெருந்திரளாக வாழும் டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 500 கிலோமீட்டர். 11ஆம் எண் நெடுஞ்சாலையில் நார்த் பே ஊரைத் தாண்டினால் அப்புறம் பைன் மரங்கள், ஏரிகள், மறுபடியும் பைன் மரங்கள். கோடையில் போவதுதான் நல்லது. ஜனவரியில் சர்வசாதாரணமாக பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்குப் போய்விடும். கோடையின் தொடக்கத்தில் போனால் கறுப்பு ஈக்கள் பிய்த்தெடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1903 வரை இந்த இடத்தில் ஊரே கிடையாது. வடக்கே டெமிஸ்காமிங் ஏரிக்கரையில் நல்ல களிமண் நிலம் இருந்தது. அங்கே குடியேறும் விவசாயிகளுக்காக ஒன்டாரியோ அரசு ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு மரம் தேடி வந்த ஒப்பந்தக்காரர்கள் மெக்கின்லி, டாரா இருவரும் ஆகஸ்ட் மாதம் ஒரு ஏரிக்கரையில் பளபளக்கும் கல்லைப் பார்த்தார்கள். பல்லால் கடித்தபோது பல் பதிந்ததாம். வெள்ளி!

ஆனால் ஊர் மக்கள் விரும்பிச் சொல்வது இந்தக் கதையை அல்ல. அடுத்த மாதம் நடந்ததைத்தான். ஃபிரெட் லரோஸ் என்ற கொல்லர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். எதிரே ஒரு நரி எட்டிப் பார்த்தது. கையிலிருந்த சுத்தியலை வீசினார். நரி தப்பியது. சுத்தியல் பாறையில் பட்டுச் செதில் பெயர்ந்து, உள்ளே உலோகம் மின்னியது. அது தாமிரம் என்று லரோஸ் நினைத்தார். நரிக் கதை பின்னால் யாரோ கட்டிவிட்டது என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். கட்டிவிட்டதாகவே இருக்கட்டும், ஊரில் யாரும் அதைக் கைவிடுவதாக இல்லை. ஊருக்குப் போகும் வழியில் மட்டாவாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த நோவா, ஹென்றி டிம்மின்ஸ் சகோதரர்களிடம் லரோஸின் கல் போய்ச் சேர்ந்தது மட்டும் நிஜம். அவர்கள் அதில் பங்கு வாங்கினார்கள். அந்தக் கடைக்காரர்களின் பெயரில் பின்னால் ஒரு நகரமே எழுந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

மாகாண அரசின் நிலவியலாளர் வில்லட் மில்லர் வந்து பார்த்தார். அடுப்பு மூடி அளவுக்கு வெள்ளிப் பாளங்கள் பாறையில் ஒட்டியிருப்பதைக் கண்டு அசந்துபோனார். சுற்றிலும் பாறைகளில் இளஞ்சிவப்பாகப் பொடி பூத்திருந்தது. அது கோபால்ட் தாது காற்றுப் பட்டுப் பூக்கும் பூ. ரயில் நிற்கும் இடத்தில் ஒரு பலகையில் 'கோபால்ட்' என்று எழுதி நட்டுவிட்டார். ஜெர்மனியின் பழைய சுரங்கத் தொழிலாளிகள், உருக்கினால் உலோகம் தராமல் நச்சுப் புகையைக் கக்கிய தாதுவைப் பார்த்து 'இது கோபோல்டின் வேலை' என்று திட்டுவார்களாம். கோபோல்ட் என்றால் குட்டிச்சாத்தான். அப்படி வந்த பெயர்தான் அந்தத் தனிமத்துக்கு. ஆக, இந்த ஊரின் பெயர் குட்டிச்சாத்தான் பெயர். பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் பொருத்தமான பெயராகத்தான் தெரிகிறது.

தெருவில் நின்று விற்ற பங்குகள்

வெள்ளி இருந்தது உண்மை. 1911இல் மட்டும் 3 கோடி அவுன்ஸுக்கு மேல் எடுத்தார்கள், அதாவது 900 டன்னுக்கு அதிகம். சில இடங்களில் மண்ணைத் தள்ளினாலே பாறையில் வெள்ளி நரம்பு கோடு போட்டது போல ஓடும். ஒரு நரம்பின் மேல் பார்க்க வந்தவர்கள் நடந்து நடந்தே அது பாலிஷ் போட்டது போல ஆகி, 'வெள்ளி நடைபாதை' என்று பெயர் வாங்கியது. நிபிசிங் கம்பெனி ஒரு படி மேலே போய், குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து மலைச்சரிவின் மண்ணையே கழுவித் தள்ளியது. நரம்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமாம்!

ஊர் திட்டம் போட்டு எழவில்லை. சுரங்கத்துக்கு இடையில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வீடு. அதனால்தான் இன்றும் தெருக்கள் பாம்பு போல வளைந்து கிடக்கின்றன. சாக்கடை கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. 1909 ஜூலை 2ஆம் தேதி தீப்பிடித்துப் பாதி ஊர் சாம்பல். அதே ஆண்டு டைஃபாய்டு. இவ்வளவுக்கும் நடுவில் அடுத்த ஆண்டு பக்கத்து ஊர் ஹெய்லிபரிக்கு டிராம் வண்டி ஓடியது. தேசிய ஹாக்கி சங்கத்தின் முதல் பருவத்தில் மான்ட்ரியால் அணிகளோடு கோபால்ட் சில்வர் கிங்ஸ் மோதியது. இன்றைய என்.ஹெச்.எல் என்ற பெரிய ஹாக்கி லீக் அந்தச் சங்கத்திலிருந்து பிறந்ததுதான்.

சரி, இதில் பத்திரிகைக்கு என்ன வேலை?

சுரங்கம் தோண்டப் பணம் வேண்டும். பணம் பங்கு விற்று வந்தது. பங்கு வாங்கியவர்கள் டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள். பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர், கணவனை இழந்து கையில் கொஞ்சம் சேமிப்போடு இருந்த பெண் என்று எல்லாத் தரப்பும் உண்டு. அவர்கள் வாழ்நாளில் கோபால்ட்டைப் பார்க்கப் போவதில்லை. பூமிக்கு அடியில் நூறடி ஆழத்தில் வெள்ளி இருக்கிறதா, வெறும் கல் இருக்கிறதா என்பது குழிக்குள் இறங்கியவனுக்குத்தான் தெரியும். அவனுடைய முதலாளிதான் பங்கு விற்பவர். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். நகை வாங்குகிறவர் உரசிப் பார்க்கலாம். சுரங்கப் பங்கு வாங்குகிறவர் எதை உரசுவது?

நூற்றுக்கணக்கான கோபால்ட் கம்பெனிகள் முளைத்தன. நல்ல சுரங்கத்துக்கு அடுத்த நிலம் என்ற ஒரே தகுதியில் பங்கு விற்றவை ஏராளம். லாபப் பங்கு கொடுத்தவற்றை எண்ணினால் சில டஜன் தேறுவதே கஷ்டம்.

1906இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க்கில் அப்போது 'கர்ப் மார்க்கெட்' என்று ஒன்று இருந்தது. கட்டடம் கிடையாது, பிராட் ஸ்ட்ரீட்டில் நடுத்தெருவில் நின்று கத்திக் கத்திப் பங்கு விற்பார்கள். நிபிசிங் பங்குக்கு மொய்த்த கூட்டத்தைக் கலைக்கக் குதிரைப் போலீஸ் வர வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவின் சுரங்க ராஜாக்களான குகன்ஹைம் குடும்பமே நிபிசிங்கில் பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டதும் விலை விண்ணைத் தொட்டது. ஆண்டு இறுதியில் குகன்ஹைம் பின்வாங்கியது. விலை சரிந்து, கடைசியில் வாங்கியவர்கள் தலையில் துண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிபிசிங் மோசடிச் சுரங்கம் அல்ல. அருமையான சுரங்கம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வெள்ளியை அள்ளிக் கொடுத்து, பங்குதாரர்களுக்கு லாபமும் கொடுத்தது. பேராசையில் வாங்கியவர்களும் ஏமாந்தார்கள். பயந்துபோய் விற்றவர்களும் ஏமாந்தார்கள். இரண்டு தரப்புக்கும் குழிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

வாரம் ஒரு முறை குழிக்குள்

ஊரின் நாளேடான 'டெய்லி நகெட்'டிலிருந்து கிளைத்து, 1915இல் நார்தர்ன் மைனர் வார இதழ் தொடங்கியது. கவனித்தால் ஒன்று தெரியும்: வெள்ளியின் உச்சம் 1911. பத்திரிகை வந்தது நாலு வருடம் கழித்து, ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது. காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ள வந்த பத்திரிகையாக இதைச் சொல்ல முடியாது. அதற்குள் வடக்கே போர்க்குபைன் பகுதியிலும் கிர்க்லாண்ட் லேக்கிலும் தங்கம் கிடைத்திருந்தது. கோபால்ட்டில் தொழில் கற்றவர்களும் கோபால்ட்டில் சம்பாதித்த பணமும் அங்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு ஊரின் செய்தியாக இருந்தது, ஒரு பிரதேசத்தின் தொழிலாக மாறிய நேரம் அது.

சுரங்கப் பத்திரிகையில் வரும் செய்தி வெளியாளுக்குக் கொட்டாவி வரவழைக்கும். இத்தனையாவது மட்டத்தில் இத்தனை அடி தோண்டினார்கள். நரம்பு இத்தனை அங்குல அகலம். ஒரு டன் பாறைக்கு இத்தனை அவுன்ஸ். ஆலையில் இந்த மாதம் இத்தனை டன் அரைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் காசு போட்டவருக்கு அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு கதை. டன்னுக்கு ஆயிரம் அவுன்ஸ் என்று பெருமையாகச் சொல்லி, நரம்பு அரை அங்குல அகலம்தான் என்பதை மறைத்துவிட்டால் அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அகலத்தையும் சேர்த்துக் கேட்டு எழுதுவதுதான் இந்தப் பத்திரிகைத் தொழிலின் ஆதாரம்.

இதற்கு நிருபர் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியை, மாற்றுப் பார்க்கும் ஆய்வகக்காரரை, ரயிலில் தாது மூட்டை ஏற்றுபவரைத் தெரிந்திருக்க வேண்டும். கோபால்ட் சிறிய ஊராக இருந்தது பத்திரிகைக்குக் கிடைத்த வரம். எந்தச் சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள் என்பது ஒரு வாரம்கூட ரகசியமாக இருக்க முடியாத ஊர்.

ஆனால் அதே வரம் கரைந்தும் போனது. 1920களில் வெள்ளி வற்றத் தொடங்கியது. 1922 அக்டோபரில் காட்டுத்தீ பரவி, சுரங்க முதலாளிகளின் மாளிகைகள் வரிசையாக நின்ற ஹெய்லிபரியை அழித்தது. கோபால்ட் தப்பியது. வீடிழந்தவர்கள் அந்தப் பனிக்காலத்தைக் கழிப்பதற்கு டொராண்டோ நகரம் தன் பழைய டிராம் பெட்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பியது. டிராம் பெட்டிக்குள் அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தினார்கள். இதற்கிடையே நகெட் பத்திரிகையும் நார்த் பே ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1929இல் நார்தர்ன் மைனரும் டொராண்டோவுக்குக் கிளம்பியது. தங்கம் வடக்கே, பங்குச் சந்தை தெற்கே; நடுவில் வெள்ளி தீர்ந்த ஊரில் உட்கார்ந்து என்ன செய்வது? அந்த அக்டோபரில்தான் உலகப் பங்குச் சந்தைகள் குப்புற விழுந்தன. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சியதாகச் சொல்ல முடியாது.

பத்திரிகை போய் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல், இவான் மெக்கேக் ஹவுஸர் என்ற ஓவியர் 'கோபால்ட்' என்ற பெயரிலேயே இந்த ஊரை வரைந்தார். அடைத்துக்கொண்டு நிற்கும் மர வீடுகள், கோணல் தெரு, ஆரவாரமில்லாத வானம். அவர் வரைந்தது ஒரு காலத்தில் குடியிருக்க இடம் கிடைக்காமல் கூடாரம் போட்ட ஊரை.

கம்பெனி மறுத்தது, நிருபர் எண்ணினார்

டொராண்டோவுக்குப் போய்விட்டால் குழிக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் போய்விடுமா என்ற கேள்விக்கு 1964இல் பதில் வந்தது. வந்த இடமும் வடக்குதான்: கோபால்ட்டுக்கு வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் டிம்மின்ஸ் நகரம். மட்டாவா பலசரக்குக் கடைக்காரரின் பெயர் கொண்ட அதே நகரம்.

டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1963 நவம்பரில் அங்கே ஒரு துளை போட்டது. தாமிரம், துத்தநாகம், வெள்ளி எல்லாம் கலந்த அபாரமான பாறை வந்தது. கம்பெனி மூச்சு விடவில்லை. சுற்றியுள்ள நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கியது. விவரம் தெரிந்த அதிகாரிகள் சிலர் கம்பெனிப் பங்கையும் வாங்கினார்கள். பங்கு அப்போது 17 டாலரை ஒட்டி இருந்தது. 1964 ஏப்ரலில் புரளி கிளம்பி நியூயார்க் செய்தித்தாள்களில் வந்ததும், ஏப்ரல் 12ஆம் தேதி கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. வதந்திகள் மிகைப்படுத்தப்பட்டவை, முடிவுக்கு வர இன்னும் துளை போட வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கையை நம்பிச் சிலர் கையிலிருந்த பங்கை விற்றார்கள்.

மறுநாள், ஏப்ரல் 13. நார்தர்ன் மைனர் நிருபர் துளை போடும் இடத்துக்கே போனார். கம்பெனியின் நிலவியலாளர்களிடம் பேசினார். 1 கோடி டன் தாது கிடைத்திருக்கிறது என்று உறுதி செய்யும் கட்டுரையை எழுதினார். கம்பெனியிடம் காட்டினார். ஏப்ரல் 15ஆம் தேதி ஒரு திருத்தமும் இல்லாமல் அது திரும்பி வந்தது. 16ஆம் தேதி இதழில் அச்சாயிற்று. அதே நாள் காலையில்தான் கம்பெனி தன் வாயால் அறிவித்தது: இரண்டரை கோடி டன். மே மாத நடுவில் பங்கு விலை 58 டாலரைத் தொட்டது.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே சொல்லாத தகவலை வைத்துக்கொண்டு பங்கு வாங்கக் கூடாது என்பதை அழுத்தமாக நிலைநாட்டிய அமெரிக்கத் தீர்ப்பு இந்த வழக்கில்தான் 1968இல் வந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பின் பக்கங்களில், ஒரு கனடா சுரங்கப் பத்திரிகையின் நிருபர் வண்டி ஏறிப் போய்ப் பார்த்த ஏப்ரல் 13ஆம் தேதியும் பதிவாகியிருக்கிறது. பரபரப்பு எதுவும் இல்லாத வேலை. போனார், கேட்டார், எண்ணை எழுதினார்.

போய்ப் பார்த்தாலும் போதாத நாளும் வந்தது. 1990களில் பிரீ-எக்ஸ் என்ற கல்கரி கம்பெனி, இந்தோனேசியாவின் போர்னியோ காட்டுக்குள் புசாங் என்ற இடத்தில் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவு கிடைத்ததாகச் சொன்னது. சில காசுகளுக்கு விற்ற பங்கு ஏறி ஏறி, கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. பாறையிலிருந்து உருளையாக எடுக்கும் கல்லை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பி, மறு பாதியைச் சாட்சிக்கு வைப்பது தொழில் வழக்கம். இவர்கள் முழுவதையும் அரைத்து அனுப்பினார்கள். உலகமே, சுரங்கத் துறையின் ஜாம்பவான்கள் உட்பட, ஆய்வகம் கொடுத்த எண்ணை நம்பியது. எண் சரிதான். பொடியில் யாரோ தங்கத்தைத் தூவியிருந்தார்கள்.

1997 மார்ச்சில் கூட்டாளிக் கம்பெனி தானே துளை போட்டுப் பார்த்தபோது தங்கம் இல்லை. மே மாதம் தனி ஆய்வு மோசடியை உறுதி செய்தது. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி வரை பணம் கரைந்தது. நார்தர்ன் மைனரின் விவியன் டேனியல்சன், ஜேம்ஸ் வைட் இருவரும் அந்த ஆண்டே முழுக் கதையையும் புத்தகமாக எழுதினார்கள். 2001 முதல் கனடாவில், தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் பொறுப்பேற்காமல் எந்தக் கம்பெனியும் சுரங்கக் கணக்கை வெளியிட முடியாது என்று விதி வந்தது. தாமதம்தான். 1906இல் பிராட் ஸ்ட்ரீட்டில் நின்ற கூட்டத்துக்கும் இதுதான் தேவைப்பட்டது.

இப்போது கோபால்ட்டில்

இன்றைக்குக் கோபால்ட்டில் ஆயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். 1977இல் இன்னொரு பெரிய தீ, ஊரின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. டொராண்டோவிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் 2012இல் நின்றது. 1910இல் கட்டிய ரயில் நிலையம் மட்டும் கம்பீரமாக இருக்கிறது. 2002இல் இந்தச் சுரங்கப் பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஒரு முழு நாள் வேண்டும். 'ஹெரிட்டேஜ் சில்வர் டிரெய்ல்' என்ற வழியில் வண்டியில் போய் இறங்கி இறங்கிப் பார்க்கலாம். மெக்கின்லி - டாரா ஆலையின் இடிபாடுகள் இருக்கின்றன. 'லிட்டில் சில்வர்' என்ற இடத்தில் வெள்ளி நரம்பை மட்டும் சுரண்டி எடுத்த பிளவு, பாறையைக் கத்தியால் கீறியது போல நிற்கிறது. ஆள் அகலம் இருந்தால் அதிகம். எவ்வளவு ஒல்லியான நரம்புக்கு எவ்வளவு பெரிய ஆசை என்பது அங்கே நின்றால் தெரிகிறது. அருங்காட்சியகத்தார் பழைய சுரங்கப் பாதை ஒன்றுக்குள்ளும் அழைத்துப் போகிறார்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். குழந்தைகளுக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொள்வதே பாதி சந்தோஷம்.

ஏரியின் அழகில் மயங்கிக் கால் நனைக்க வேண்டாம். அரைத்த பாறைக் கழிவைப் பல்லாண்டுகள் ஏரிகளில்தான் கொட்டினார்கள். வெள்ளியோடு வந்த ஆர்சனிக் அங்கேயே தங்கிவிட்டது. 40 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி வெளியூர் போனது. விஷம் மட்டும் உள்ளூருக்கு.

அப்போது வெள்ளிக்காகத் தோண்டியவர்கள், கூடவே வந்த கோபால்ட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்ததோடு சரி. பிறகு லித்தியம் பேட்டரி வந்தது. செல்போனிலும் மின்சாரக் காரிலும் கோபால்ட் தேவைப்பட்டது. 2017 வாக்கில் அதன் விலை எகிறியபோது, நூறு வருடத்துக்கு முன் கைவிட்ட குழிகளைத் தேடிக் கம்பெனிகள் மறுபடியும் இந்த ஊருக்கு வந்தன. நிலத்துக்குப் போட்டி, துளை போடும் இயந்திரங்களின் சத்தம், பங்கு விற்பனை. அந்தத் துளைகளில் டன்னுக்கு எவ்வளவு, எத்தனை அடி அகலத்துக்கு என்ற செய்திகள் டொராண்டோவிலிருந்து வெளிவரும் நார்தர்ன் மைனரில் வந்தன. சில்வர் ஸ்ட்ரீட்டில் அதன் பழைய அலுவலகக் கதவு, வெள்ளி பார்க்க வருகிறவர்களுக்காகத் திறக்கிறது.